கிரீமைக் குப்பையில் போடுங்கள், கையைக் காட்டுங்கள்

கேள்வி: வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் குடியாத்தம் சிரசுத் திருவிழாக் கடையில், இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு ரோஜாவும் ஓர் எழுத்தும் டாட்டூ போட்டுக்கொண்டேன். 'வெளியில் தெரிகிற டாட்டூ இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்க மாட்டார்கள்' என்று சீனியர்கள் சொன்னார்கள். ஆன்லைனில் டாட்டூ நீக்கும் கிரீம் வாங்கிப் பத்து நாளாகத் தடவுகிறேன். எரிகிறது, நீர் வடிகிறது. முழுக்கைச் சட்டையும் கிளவுசும் போட்டு மறைத்துக்கொண்டு வார்டுக்குப் போகிறேன். அடுத்த மாதம் இன்டர்வியூ. டாட்டூ மையால் கேன்சர் வருமா? எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாதா? ரத்தம் கொடுக்க முடியாதா? லேசரில் ஒரே தடவையில் எடுத்துவிடலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அந்த கிரீமைக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் மேலே படிக்கலாம்.

தோலின் அடுக்குகளை முதல் வருடமே படித்திருப்பீர்கள். மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. டாட்டூ மை அங்கே நின்றிருந்தால் தானாகவே போயிருக்கும். அது கீழே உள்தோலில், அந்நியப் பொருளை விழுங்கிவைக்கும் மேக்ரோபேஜ் செல்களின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தடவுகிற மருந்து அவ்வளவு ஆழம் போக வேண்டுமென்றால் வழியில் இருக்கும் தோலைப் பொசுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி விற்கிற கிரீம்கள் சிலவற்றில் இருப்பது ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம். ஊசி குத்திய தோல் சரியாக ஆறி முடிப்பதற்குள் அதன் மேல் பத்து நாள் அமிலம்! நோயாளி ஒருவர் இப்படிச் செய்துவிட்டு வந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள்.

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதோ நீங்கள் கேள்வியாகக் கேட்காத இடம்: நீர் வடிகிற கையோடு வார்டுக்குப் போவது. திறந்த புண் இரண்டு பக்கமும் கதவு திறந்த வீடு மாதிரி. வார்டுக் கிருமி உங்களுக்குள் வரும். உங்கள் புண்ணில் குடியேறிய கிருமி, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் தையலுக்குப் போகும். அதை மூட முழுக்கை, அதன் மேல் கிளவுஸ், வெளியே வேலூர் வெயில். உள்ளே புண் வெந்துகொண்டிருக்கும். கை கழுவும்போது நனைகிற அந்தக் கைமுனைத் துணி அடுத்த படுக்கைக்கும் போகும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். சாதாரண சோப்பும் குழாய்த் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், வாஸ்லின் தடவி ஒட்டாத காஸ் வைத்துக் கட்டுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிச் சிவந்த கீற்று ஓடினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, பார்வைக்குச் சின்னதாக இருக்கும் புண்ணுக்குப் பொருந்தாத வலி வந்தாலோ, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலை வரை காத்திருக்காதீர்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் நாளை ஒரு தோல் மருத்துவரிடம் கையை நீட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு, மூன்று நாள் அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் என்று இறங்கிவிடாதீர்கள். ஹாஸ்டல் பெண்கள் பாதிப் பேரிடம் அந்த மாத்திரைப் பட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும். வார்டு இன்சார்ஜிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாலு வார்த்தை திட்டுவார், புண் மூடும்வரை வேறு வேலை கொடுப்பார்.

சரி, வேலை. ஆறிய தோலில் இருக்கும் டாட்டூ கிருமிக்குக் கூடாரம் கிடையாது. மற்றத் தோலைப் போலவே கழுவினால் சுத்தமாகும். மணிக்கட்டில் வளையலும் வாட்சும் வேண்டாம் என்பதற்குக் காரணம், அவற்றின் அடியில் தண்ணீர் போகாது என்பது. ரோஜாவுக்கு அந்தக் குற்றம் இல்லை. முகம், கழுத்து, ஆபாசப் படம், சாதிச் சின்னம் என்றால் கேள்வி வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழக்கம் உண்டு, அவர்களிடமே நேராகக் கேளுங்கள். சீனியர் சொன்னது சட்டமாகாது. வட ஆற்காட்டுப் பாட்டிகள் எத்தனை பேர் முன்கையில் கோலமும் தேளும் பச்சை குத்தியிருக்கிறார்கள்! பி.பி. பார்க்க நீங்கள் கையைப் பிடித்தால், 'ஏங் கையிலயும் இருக்கு பாரு' என்று காட்டத்தான் போகிறார்கள். அந்த எழுத்து யாருடையது என்பது என் துறை இல்லை.

கேன்சர்? டாட்டூவால் வந்ததென்று நிரூபணமாகவில்லை. இணையத்தில் படித்ததை மூடி வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், டாட்டூ இருப்பதை முன்கூட்டிச் சொன்னால் போதும். ரத்தம், ஒரு வருடம் கழித்துக் கொடுங்கள்.

திருவிழாக் கடையில் ஊசியை மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்கவும் மாட்டீர்கள். நாளை வளைகுடா வேலைக்குப் போவதென்றாலும், மருத்துவப் பரிசோதனை செய்பவர்கள் ரோஜாவைவிட ரத்தத்தைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ்) பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இப்போது ஒருமுறை, டாட்டூ போட்டு 6 மாதம் ஆனதும் ஒருமுறை பரிசோதியுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் காசு கிடையாது, யாருக்கும் சொல்லவும் மாட்டார்கள். முதல் வருடம் போட ஆரம்பித்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்றும் முடிந்ததா? மூன்றாவதை விட்டிருந்தால் அதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், முதலிலிருந்து வேண்டாம்.

லேசர் ஒரே தடவையில் எடுக்காது. 6 முதல் 8 வாரம் இடைவெளியில் பல தடவை உட்கார வேண்டும், அதுவும் புண் முழுதாக ஆறி, தழும்பு தடிக்கிறதா என்று சில மாதம் பார்த்த பிறகு. அடுத்த மாத இன்டர்வியூவுக்கு ரோஜாவோடுதான் போகப் போகிறீர்கள். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.