அதிபர் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே சட்டமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். அதிபர் ஏதோ உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்று செய்தி வந்தாலே வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த உத்தரவு உடனே சட்டமாகிவிடுமா? நீதிபதி தடை விதித்தார் என்கிறார்களே, அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

பதில்: சட்டமாகாது. அதற்காக அது வெறும் காகிதம் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவு, சட்டம் இயற்றும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கொடுக்கிறது. நிர்வாகம் அதிபரிடம், நீதி நீதிமன்றங்களிடம். நம் பிரதமரைப் போல அதிபர் அவையில் உட்கார்ந்து மசோதா கொண்டுவர முடியாது. அவர் காங்கிரஸ் உறுப்பினரே இல்லை. அதனால் அவர் போடும் உத்தரவு, அரசமைப்பு நேரடியாகத் தந்த அதிகாரத்தையோ, காங்கிரஸ் முன்பே இயற்றிய ஒரு சட்டத்தையோ பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்படிப் பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை; நீதிபதி தடை போடுவது அதனால்தான். எதைப் பிடித்திருக்கிறது என்பது உத்தரவிலேயே எழுதியிருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2025 செப்டம்பர் 19 அன்று எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்த பிரகடனம், 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவைக் காட்டியது. நாட்டு நலனுக்குக் கேடு என்று கருதினால் வெளிநாட்டவர் நுழைவை அதிபர் நிறுத்திவைக்க அது இடம் தருகிறது. ஆனால் ஆண்டுக்கு 65,000, அங்கே முதுநிலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற விசா வரம்பு காங்கிரஸ் வைத்தது. அந்த எண்ணைத் திருத்தவும் காங்கிரஸால்தான் முடியும்.

அந்த 1952 குடியேற்றச் சட்டம் பிறந்த கதையே நல்ல பாடம். அன்றைய அதிபர் ட்ரூமன் அதை வீட்டோ என்ற ரத்து அதிகாரத்தால் தடுத்தார். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு மறுபடி நிறைவேற்றின. அதே 1952 ஜூனில் அவருக்கு இன்னொரு அடி. கொரியப் போர் நேரத்தில் வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க எஃகு ஆலைகளை அரசு வசமாக்கி அவர் போட்ட உத்தரவை, எந்தச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அடித்தது. அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஆறு பேரில் இருவர் அவரே நியமித்த நீதிபதிகள். ஆலைகள் உடனே உரிமையாளர்களிடம் திரும்பின. அந்த வழக்கிலும் முதலில் தடை போட்டது ஒரு மாவட்ட நீதிபதிதான்.

தடைச் செய்தியைப் படிக்கும்போது, அது யாருக்கு என்று பாருங்கள். நாடு முழுவதற்கும் பொதுவாகத் தடை போடும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் வெகுவாகச் சுருக்கிவிட்டது. பெரும்பாலும் வழக்குப் போட்டவர்களுக்கே நிவாரணம். ஒரே நிலையில் உள்ள எல்லோருக்காகவும் சிலர் தொடுக்கும் குழு வழக்கு என்றால் வட்டம் பெரிதாகும்.

மகனிடம் சொல்லுங்கள்: உத்தரவு எந்தத் தேதியிலிருந்து, புதிய விண்ணப்பங்களுக்கா, ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்குமா? கட்டணப் பிரகடனம் வந்த அன்று விடுமுறையை முறித்துக்கொண்டு விமானம் பிடித்தவர்கள் உண்டு. மறுநாளே, புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்று விளக்கம் வந்தது. இருந்தாலும் அவர் நாட்டுக்கு வெளியே போவதாக இருந்தால், நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.