மூலை பொருந்தவில்லையா? ஓடாவியிடம் கேளுங்கள்

கோண்டாவிலில் மரவேலை செய்கிறேன். ஸ்கேர்ட்டிங் (சுவரடிப் பலகை), கதவுச் சட்டம், சீலிங் பீடிங் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்துச் சட்டம்) வேலைகளில் மூலை வெட்டுவது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, 18 மில்லி ஸ்கேர்ட்டிங் பலகையைக் கோணம் வெட்டும் மெசினில் சரியாக 45 பாகை வைத்துத்தான் வெட்டினேன். அறையின் உள்மூலையில் முன்பக்கம் 2 மில்லி பிளந்து நிற்கிறது. மெசின் பிழையா?

மெசினாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அகலமான பலகை ஒன்றைப் பூச்சியத்தில் (நேர்வெட்டாக) வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்து, இரண்டையும் முட்ட வையுங்கள். இடைவெளி தெரிந்தால் மெசின் பிழை. தெரிவதில் பாதிதான் உண்மையான பிழை.

ஆனால் எனக்குச் சந்தேகம் சுவரில்தான். உள்மூலையில் முன்பக்கம் பிளந்தால் மூலை 90 பாகையை விட விரிந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் முட்டிக்கொண்டு பின்பக்கம் மூலைக்குப் போகாவிட்டால் மூலை ஒடுங்கியிருக்கிறது. வெளிமூலைக்கு இது அப்படியே தலைகீழ். 18 மில்லித் தடிப்பில் 2 மில்லி பிளவு என்றால் உங்கள் மூலை 94, 95 பாகை வரும். மேசன் மூலையில் கரண்டியைத் திருப்பும் இடத்தில் பூச்சு கூடிப்போகும். பழைய சுண்ணாம்புச் சுவர் நாற்சார் வீடுகளில் நான்கு மூலையும் நான்கு விதமாக இருக்கும். சுவரை நம்பாதீர்கள். பலகை உட்காரும் உயரத்தில் வைத்து அளவுங்கள். இடுப்பு உயரத்தில் 90 காட்டும் மூலை நிலமட்டத்தில் 93 காட்டும்.

மானிப்பாயில் இருந்து: கோணம் அளக்கும் கருவி வாங்க வசதியில்லை. டேப் மட்டும் வைத்து அளக்க வழி உண்டா, ஐயா?

நல்ல கேள்வி. இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, கணக்கு வழி. மூலையில் இருந்து இரண்டு சுவரிலும் 600 மில்லியில் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே குறுக்காக அளவுங்கள். 848, 849 மில்லி வந்தால் மூலை 90. கூடினால் விரிந்த மூலை, குறைந்தால் ஒடுங்கிய மூலை. ஏறக்குறைய ஏழரை மில்லிக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 863 வந்தால் 92 பாகை. மேசன்மார் அத்திவாரத்துக்குப் பிடிக்கும் 3, 4, 5 அடி முறையும் இதே இனம்தான். ஆனால் அது 90 ஆ இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு பிழை என்று சொல்லாது.

இரண்டாவது வழிக்கு எண்ணே தேவையில்லை. எனக்குப் பிடித்ததும் இதுதான். ஒரே அகலமான துண்டுப் பலகை ஒன்றை ஒரு சுவரோடு அணைத்து வைத்து, அதன் வெளி ஓரத்தில் நிலத்தில் பென்சில் கோடு இழுங்கள். மற்றச் சுவரோடு வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் புள்ளியையும் சுவர் மூலையையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் உங்கள் மைட்டர் கோடு, அதாவது இரண்டு பலகையும் சாய்வாக வெட்டிச் சேரும் கோடு. மூலை 80 ஆனாலும் 130 ஆனாலும் அது சரிபாதியாகவே பிரியும். சாய்மட்டத்தை (எந்தக் கோணத்துக்கும் திருப்பி இறுக்கும் மட்டம்) அந்தக் கோட்டில் பிடித்து இறுக்கி, அப்படியே மெசினுக்குக் கொண்டுபோய் அலகைப் பொருத்துங்கள்.

நல்லூரில் இருந்து: டிஜிட்டல் கருவியில் 92 காட்டியது. பாதி 46. மெசினில் 46 வைத்து வெட்டினேன். முன்னையதை விட மோசமாகிவிட்டது!

ஆகத்தான் செய்யும். மெசினில் பூச்சியம் என்பது நேர்வெட்டு. பலகையின் நுனியில் உங்களுக்கு வேண்டியது 46. அதை 90 இல் கழித்து 44 இல் மெசினை வைக்க வேண்டும். இன்னும் சுலபம்: 180 இல் மூலைக் கோணத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். 92 க்கு 44. 88 க்கு 46. வெளியே தள்ளி நிற்கும் யன்னல் மாடத்தின் 135 க்கு 22.5.

90 பாகை மூலையில் மட்டும் இரண்டு கணக்கும் 45 என்று ஒன்றாக வந்துவிடுகிறது. அதனால்தான் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுகிறோம். நான் விழுந்தது தேக்கில். ஒரு வீட்டில் பதினான்கு துண்டு வெட்டி முடித்த பிறகுதான் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். பதினான்கும் குட்டையாகின. சம்பளத்தில் கழித்தார்கள், அது நியாயம்தான். கழிவுத் துண்டில் வெட்டிப் பார்க்காமல் நல்ல மரத்தில் கை வைக்காதீர்கள்.

சுன்னாகத்தில் இருந்து: போன் செயலியில் மூலையை அளக்கலாமா?

வேண்டாம். போனின் விளிம்பே வளைவு.

இணுவிலில் இருந்து: 45 வெட்டியும் இடைவெளி வருகிறது, ஏன்?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஸ்கார்பரோவில் இருந்து: அண்ணா, இங்கே வீட்டில் நானே சீலிங் கிரவுண் மோல்டிங் அடிக்கிறேன். படுக்க வைத்து வெட்ட இரண்டு கோணம் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

பீடிங் சுவரில் எந்தச் சாய்வில் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். 38 பாகைச் சாய்வு என்றால், 90 பாகை மூலைக்கு மேசையை 31.6 திருப்பி அலகை 33.9 சரிக்க வேண்டும். 45 சாய்வு என்றால் 35.3 உம் 30 உம். இந்தத் தலையிடி வேண்டாம் என்றால் பீடிங்கைத் தலைகீழாக, சீலிங்கைத் தொடும் விளிம்பு மேசையிலும் சுவரைத் தொடும் விளிம்பு பின்தடுப்பிலும் இருக்கும்படி நிறுத்தி, சாதாரண 45 வெட்டுங்கள். உங்கள் மூலையும் 90 என்று நம்பாதீர்கள்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு பெரியவர்: தம்பி, நாங்கள் ஐம்பது வருடம் பாகை கீகை பார்க்காமல் வேலை செய்தோம். உள்மூலைக்கு மைட்டரே பிழை. ஒரு பலகையை நேராக முட்ட விட்டு, மற்றதை அதன் முகவடிவத்துக்கு வாய் வெட்டிப் பொருத்து. எந்த மூலையும் அடங்கும்.

அதற்கு உரும்பிராயில் இருந்து: ஐயா, அது அந்தக் காலம். இப்போது மெசினில் வெட்டிப் புட்டி பூசினால் பெயின்டுக்குள் மறைந்துவிடும். ஒரு மூலைக்கு அரை மணித்தியாலம் செலவழித்தால் கூலி கட்டுமா?

இதற்குக் கீழே இன்னும் பதினொரு பேர் வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். நான் பெரியவர் பக்கம், ஆனால் முழுதாக அல்ல.

ஸ்கேர்ட்டிங்கின் உள்மூலைக்கு வாய்வெட்டுத்தான் சரி. 45 இல் வெட்டினால் பலகையின் முகவடிவம் தானாகவே கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் கோப்பிங் வாளால் (வளைவு அறுக்கும் மெல்லிய வாள்), பின்பக்கம் உள்வாங்கும்படி கொஞ்சம் சரித்து அறுத்தால் முன்விளிம்பு மட்டும் மற்றப் பலகையைத் தொடும். மூலை 88 ஆனாலும் 93 ஆனாலும் பிளவு தெரியாது. பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும், அரை மணித்தியாலம் இல்லை. புட்டி பூசும் தம்பிக்கு: மரம் சுருங்கும்போது புட்டி அதோடு சேர்ந்து வராது.

ஆனால் ஐயா, வெளிமூலைக்கும் கதவைச் சுற்றும் சட்டத்துக்கும் என்ன செய்வீர்கள்? அங்கே மைட்டர்தான், அளவும் வேண்டும். 18 மில்லித் தடிப்புள்ள ஸ்கேர்ட்டிங்கில் ஒரு பாகை பிசகினால் பிளவு அரை மில்லிகூட வராது. 70 மில்லி அகலச் சட்டத்தில் அதே ஒரு பாகை 1.7 மில்லி, அதாவது அரை நூல். கண் நேராக அங்கேதான் போகும். நீங்களும் சாய்மட்டம் பிடித்திருப்பீர்கள், பாகை என்ற பேர் சொல்லாமல்.

சாவகச்சேரியில் இருந்து: கார்த்திகையில் அடித்த கதவுச் சட்டம், நன்றாகப் பொருந்தி இருந்தது. இப்போது காய்ந்த சோளகக் காற்றுக் காலத்தில் மூலை பிளந்துவிட்டது. ஓடாவியின் பிழையா?

பிளவு கதவுப் பக்கம், அதாவது உள்நுனியில் இருக்கிறதா? அப்படியானால் மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கியிருக்கிறது. மரம் நீளத்தில் ஏறக்குறையச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் வெட்டின கோணமே மாறிவிடும். வெளிநுனியில் பிளந்திருந்தால் மரம் ஈரம் குடித்து ஊதியது. உள்நுனிப் பிளவு என்றால், மாரியில் ஈர மரத்தை அடித்ததுதான் பிழை, வெட்டு அல்ல. அடுத்த முறை பலகையை அறைக்குள் சில வாரம் அடுக்கி வைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

அச்சுவேலியில் இருந்து: பனை வளையில் கூரை மூலை எப்படி வெட்டுவது?

அது கூரைக்காரரின் வேலை. நான் தொட்டதில்லை.

கோப்பாயில் இருந்து: எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கேர்ட்டிங் நல்லதா? 45 இல் வெட்டினால் பொருந்துமா?

நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் எம்டிஎஃப் அடியில் ஊதிவிடும். வாங்காதீர்கள். 45 பற்றி முதல் பதில்.

திருநெல்வேலியில் இருந்து: அண்ணை, 45 வெட்டியும்...

முதல் பதில், தம்பி. முதல் பதில்.