குளியலறைச் சுவர் டைல்ஸை உடையாமல் கழற்ற முடியுமா?

சுவருக்குள் குழாய் கசிகிறது, அதே டைல் இப்போது கடைகளில் இல்லை, உடைக்காமல் எடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அதற்கு முன் அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்களுக்கு இதே கசிவு வந்தபோது மேசன் குளியலறைப் பக்கம் கையே வைக்கவில்லை. படுக்கையறை அலுமாரியை நகர்த்தி, அந்தப் பக்கத்துப் பூச்சைக் கொத்திக் குழாயை மாற்றினார். பெயின்ட் எந்த நிறத்திலும் கிடைக்கும், நின்றுபோன டைல் கிடைக்காது.

மறுபக்கம் அடுத்தவர் வீடு என்றால் வேறு வழியில்லை, டைலைத்தான் எடுக்க வேண்டும். முதலில் ஒரு நாணயத்தால் எல்லா டைலையும் தட்டிப் பாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று வெறுமையாகக் கேட்டால் பின்னால் கலவை பிடிக்கவில்லை, சுலபமாக வரும். பழைய வீடுகளில் நடுவில் மட்டும் சீமெந்தை அப்பி ஒட்டியிருப்பார்கள், மூலைகள் காலியாக இருக்கும். பசையைப் பல்லுத் தகட்டால் இழுத்து முழுக்க ஒட்டியிருந்தால்தான் கஷ்டம்.

சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைலின் முதுகு தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதனால் சீமெந்து அதை விடவே விடாது. (போர்சிலின் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. வெறும் சீமெந்தில் பதித்த போர்சிலின் தரை தானாகவே கிளம்பி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஆகவே டைலுக்கும் சீமெந்துக்கும் நடுவில் உளியை நுழைக்கப் பார்க்காதீர்கள். உளி இன்னும் ஆழமாக, சுவர்ப் பூச்சுக்குள் போக வேண்டும். பூச்சு உடையட்டும், டைல் அதோடு சேர்ந்து வரும்.

அதற்கு முன் நான்கு பக்கமும் கிரௌட்டை, அதாவது டைல்களுக்கு இடையே அடைத்திருக்கும் கலவையை, முழுசாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இதைப் பாதியில் விட்டால் பக்கத்து டைலோடு முட்டி இரண்டும் வெடிக்கும். கிரைண்டர் வழுக்கினால் மேல்பளபளப்பில் கோடு விழும். அதிர்ந்து வெட்டும் மல்டி டூலை வாடகைக்கு எடுங்கள்.

உளி நுழைய ஒரு திறந்த ஓரம் தேவை. கதவுநிலை ஓரமோ மேல் வரிசையோ கிட்ட இல்லையென்றால், ஒரு டைலைப் பலி கொடுக்கத்தான் வேண்டும். அதன்மேல் டேப் ஒட்டி, நடுவில் துளையிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உடைத்து எடுங்கள். அப்புறம் அந்த இடைவெளி வழியாக அகலமான தட்டை உளியைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, மெதுவாக, பக்கம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். பக்கத்து டைலில் ஊன்றி நெம்ப வேண்டாம்.

ஹெயார் டிரையரால் சூடாக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. எபொக்சி போன்ற பசைக்கு அது சரி, சீமெந்துக்கு ஒன்றும் நடக்காது.

பலி கொடுத்ததற்குப் பதில் டைல் எங்கே? கண்ணாடிக்குப் பின்னால், பான்ட்ரி அலுமாரிக்கு அடியில் அதே டைல் இருக்கிறதா பாருங்கள். முதலில் அங்கேயே கழற்றிப் பழகலாம், உடைந்தாலும் யாருக்கும் தெரியாது. கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கம் கடைகளில் பழைய சரக்கைத் தேடுவதானால் உடைந்த துண்டைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே டிசைன் என்றாலும் தொகுதிக்குத் தொகுதி நிறமும் அளவும் கொஞ்சம் மாறும்.

மேசனை வைத்துச் செய்வதானால் கொந்தராத்துப் பேசாமல் நாள் கூலிக்குப் பேசுங்கள். கொந்தராத்துக்காரர் மதியத்துக்குள் சுத்தியலைத் தூக்கிவிடுவார். மீட்ட டைலைத் திரும்ப ஒட்டுமுன் முதுகில் இருக்கும் பழைய சீமெந்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது மட்டும் வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும்.