ராலீஸ் பூட்லெக்: பெரும்பாலும் அதே கச்சேரிதான்

நண்பா, லே ராலீஸ் டெனுடேங்கிற ஜப்பான் ராக் பேண்டோட '77 லைவ் ஆல்பமும் 'ஹெவியர் தேன் எ டெத் இன் தி ஃபேமிலி' பூட்லெக்கும் (அனுமதி இல்லாம வெளிவந்த பதிவு) ஏன் ஒண்ணு போலவே இருக்குன்னு கேட்டிருந்தீங்க. பூட்லெக்ல பெரும்பகுதி, '77 லைவ்ல இருக்கிற அதே 1977 மார்ச் 12 தச்சிகாவா ஊர் கச்சேரிதான். லே ராலீஸ் டெனுடே 1967-ல கியோட்டோல ஆரம்பிச்ச பேண்டு, ஆனா 1991-லதான் சொந்தமா மூணே மூணு சிடி விட்டாங்க, அதனால காப்பிக்கு காப்பி எடுத்த டேப்பெல்லாம் புதுப்புது பேர்ல சுத்துது, ஸ்பீடும் லேசா மாறும், இரைச்சலும் ஏறும். ரெண்டு பதிவும் ஒரே கச்சேரியான்னு ஒப்பிடும்போது பாஸ் கிட்டார் வாசிப்பை நம்பாதீங்க, அது எல்லா கச்சேரிலயும் ஒரே மாதிரிதான் ஓடும். பேண்டோட பாடகரும் கிட்டாரிஸ்டுமான மிசுதானியோட கிட்டார் ஃபீட்பேக் கிறீச்சுன்னு எகிறுற இடத்தைப் பிடிங்க, அது எந்த ரெண்டு ராத்திரியும் ஒத்துப்போகாது. முடிஞ்சா பழைய மெம்பர் குபோட்டா மகோட்டோ மாஸ்டர் பண்ண (ஒலியைச் சீர்படுத்தின) '77 லைவை வாங்கிடுங்க, அவ்வளவு அருமையா இருக்கு.