இரண்டு பார், மூன்று விநாடி: லூயி ஜோர்டன் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. இப்போது அமெரிக்க இசைக்கலைஞர் லூயி ஜோர்டனின் 1940களின் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாடுவதும் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிப்பதும் அவர் ஒருவரே என்கிறார்கள். வாய் ஒன்றுதானே, எப்படி? பெரிய குழுவை விட்டுவிட்டு ஏன் சிறிய குழு? என் மகன் இரண்டையும் பழகுவதால் கேட்கிறேன்.

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே நேரத்தில் முடியாது. மாற்றி மாற்றித்தான் செய்ய வேண்டும். அந்த மாற்றத்துக்கு இடம் விட்டுப் பாட்டை அமைத்ததில்தான் ஜோர்டனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அவர் பெரும்பாலும் கையாண்டது 12 பார் ப்ளூஸ், அதாவது 12 தாளப் பகுதிகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் பாட்டு வடிவம். ஒரு பாருக்கு நான்கு தாள அடி, ஆக ஒரு சுற்றுக்கு 48 அடி. நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஒரு சுற்று 18 விநாடி. கடைசி வரி 11ஆம் பாரின் தொடக்கத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஏறக்குறைய இரண்டு பார், அதாவது மூன்று விநாடி. அதற்குள் மூச்சை இழுத்து, சாக்ஸபோனின் ஊதுமுனையான மவுத்பீஸை வாயில் வைத்து, கீழுதட்டைப் பல்மேல் மடித்துவிட வேண்டும். கடைசிச் சொல்லை நீட்டிப் பாட ஆசைப்பட்டால் தனி வாசிப்பின் முதல் ஸ்வரம் தடுமாறும். தொடக்கக்காரர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. பாடும்போது வரிகளுக்கு இடையில் பதில் சொல்வது அவருடைய ஆல்ட்டோ அல்ல, டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும். கவனித்துக் கேளுங்கள்.

ஜோர்டன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பிரிங்க்லியில் 1908இல் பிறந்தவர். தந்தையே இசை ஆசிரியர். 1936 முதல் 1938 வரை டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் பெரிய குழுவில் வாசித்தார். அங்கே முதன்மைப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். அதனால் ஜோர்டனுக்குப் பாட வாய்ப்புக் குறைவு. 1938இல் நியூயார்க்கின் ஹார்லெமில் சொந்தக் குழு தொடங்கினார். பிறகு அதற்கு டிம்பனி ஃபைவ் என்று பெயர். பெயரில் ஐந்து இருந்தாலும் பல சமயம் ஆள் அதிகம். ஆனாலும் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இது எத்தனையோ மலிவு. குழு சிறிதானதால் சொற்களும் தெளிவாகக் கேட்டன. அவர் பாட்டு பேச்சை ஒட்டியது, சொல் புரியாவிட்டால் ஒன்றுமில்லை. 1946இல் ‘சூ சூ ச்பூகி’ என்ற அவருடைய பாட்டு அமெரிக்காவின் கறுப்பின இசைப் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1951இல் பெரிய குழு ஒன்றை அமைத்தார், அது நிலைக்கவில்லை. அவருடைய பலமே சிறு குழுதான் என்பது என் எண்ணம்.

உங்கள் மகனுக்கு: சுருதியைக் குரலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கட்டும், விரலுக்கு ஏற்ப அல்ல. ஆல்ட்டோ ஈ ஃபிளாட் கருவி, அதாவது அதில் சி வாசித்தால் ஒலிப்பது ஈ ஃபிளாட். குழு பி ஃபிளாட்டில் இருந்தால் அவன் ஜி-யில் வாசிப்பான், எஃப் என்றால் டி-யில். இரண்டும் எளிது. கிடார்காரருக்குப் பிடித்த ஈ-யில் பாட ஒப்புக்கொண்டால் அவனுக்கு ஐந்து ஃபிளாட் கொண்ட டி ஃபிளாட் வந்து சேரும்.

இரண்டு மூன்று சுற்றுப் பாடுவதற்குள் மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டையான ரீட் காயும். நம் சீவாளி போலத்தான், காய்ந்தால் கீச்சிடும். வாசிக்கும் முன் நாக்கால் ஈரப்படுத்த வேண்டும். குளிரூட்டிய அரங்கில் குழலும் ஆறிச் சுருதி இறங்கும். மவுத்பீஸைத் தக்கையில் துளி உள்ளே தள்ளினால் ஏறும், ஆனால் குழல் சூடானதும் அதே அளவு வெளியே இழுக்க மறக்கக் கூடாது. பாடும்போது சத்தமின்றிக் குழலுக்குள் வெதுவெதுப்பாக ஊதிக்கொள்ள முடியாதல்லவா, அதனால் பாட்டுக்கு முன்னால் இருக்கும் இசைப்பகுதியிலேயே அதைச் செய்துவிடட்டும்.

மைக் இரண்டு வேண்டும். ஒன்று வாய்க்கு, மற்றொன்று இடுப்பளவில் குழலின் மணிபோல் விரிந்த முனைக்கு. ஒரே மைக்கை வைத்துக் குனிந்து நிமிர்ந்தால் அந்த மூன்று விநாடியும் போய்விடும்.