நான்கு மாதங்களாக ‘அண்டர் ரிவ்யூ’ என்றே நிற்கும் கட்டுரைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

முதல் கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பி நான்கு மாதங்கள் ஆகிவிட்டன, இணையப் பக்கத்தில் ‘அண்டர் ரிவ்யூ’ (மதிப்பாய்வில் இருக்கிறது) என்ற சொல் மாறவே இல்லை, இதழாசிரியருக்கு எழுதிக் கேட்டால் அவர் எரிச்சலடைந்து நிராகரித்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். நிலவரம் கேட்டார் என்பதற்காக எந்த நல்ல ஆசிரியரும் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்புவதில்லை.

நீங்கள் முனைவர் பட்ட ஆய்வாளர் என்றும், இந்தக் கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாத நிலையில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நெறியாளரிடம் மூன்றாவது முறையாக இதையே கேட்கக் கூச்சமாக இருக்கும். நானும் அந்த இடத்தில் நின்றவள்தான். இன்று ஓர் இதழின் துணையாசிரியராக மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும்.

முதலில் உள்ளே நடப்பது. கட்டுரை வந்ததும் அலுவலகத்தில் படங்கள், அட்டவணைகள், நெறிமுறை ஒப்புதல் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, வேறு கட்டுரைகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு தலைமை ஆசிரியர் மேலோட்டமாகப் படித்து, இதழின் எல்லைக்குள் வராதவற்றை அப்போதே திருப்பிவிடுகிறார். மிஞ்சுவது என்னைப் போன்ற ஒரு துணையாசிரியரிடம் வருகிறது. எங்கள் வேலை அந்தத் துறையைத் தெரிந்த இரண்டு பேரை, அதாவது மதிப்பாய்வாளர்களை, பிடித்துப் படிக்கவைப்பது. தாமதம் பெரும்பாலும் இந்த ‘பிடிப்பதில்’தான் ஏற்படுகிறதே தவிர படிப்பதில் இல்லை.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு கட்டுரையின் கணக்கைச் சொல்கிறேன். பதினான்கு பேருக்கு அழைப்பு அனுப்பினேன். ஆறு பேர் பதிலே போடவில்லை. ஐந்து பேர் நேரமில்லை என்றார்கள். ஒப்புக்கொண்ட மூவரில் இருவர் அறிக்கை கொடுத்தார்கள். மூன்றாமவர் ஒப்புக்கொண்டதோடு சரி, மூன்று நினைவூட்டல்களுக்கும் அசையவில்லை. முதல் ஆள் ஒப்புக்கொண்ட நாளிலேயே பக்கத்தில் ‘அண்டர் ரிவ்யூ’ என்று மாறிவிட்டது. இரண்டாவது ஆள் கிடைக்க அதற்குப் பிறகு பதினொரு வாரங்கள் ஆயின. அந்தப் பதினொரு வாரமும் கட்டுரையாளர் யாரோ தன் கட்டுரையை வரிவரியாக அலசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருப்பார். உண்மையில் பாதி நாள் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லா இதழ்களிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என் துறை நீர் வேதியியல். கணிதத்தில் ஒரு நிரூபணத்தைச் சரிபார்க்கவே ஓராண்டு ஆகலாம். ஆனால் நீங்கள் கேட்டது நான்கு மாத மௌனத்தைப் பற்றி என்பதால், அதற்கு மிகச் சாதாரணமான காரணம் இது என்று தயங்காமல் சொல்வேன்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 2011 ஜூனில் நான் அனுப்பிய கட்டுரை நினைவுக்கு வந்துவிட்டது.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் நாற்பத்திரண்டு திறந்தவெளிக் கிணறுகளில் ஃபுளோரைடு அளவு பார்த்திருந்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேல் போனால் பல்லில் கறை விழும், இன்னும் கூடினால் எலும்பைப் பாதிக்கும். ஏப்ரல், மே வெயிலில் எடுத்த மாதிரிகளில் முப்பத்தொரு கிணறுகள் வரம்பைத் தாண்டியிருந்தன. ‘இப்பகுதி மக்கள் ஆண்டு முழுவதும் வரம்புக்கு மேற்பட்ட ஃபுளோரைடு கலந்த நீரைக் குடிக்கிறார்கள்’ என்று முடிவுரையில் எழுதினேன். அந்த வாக்கியத்தில் எனக்கு மிகுந்த பெருமிதம் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து நவம்பரில் பதில் வந்தது. பெருந்திருத்தம் தேவை என்றார்கள். முதல் மதிப்பாய்வாளரின் அறிக்கை நான்கே வரி. ஆங்கிலம் மோசமாக இருக்கிறது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள் என்பது ஒன்று. கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டுங்கள் என்பது மற்றொன்று. ஐந்திலும் ஒரே பெயர் இருந்தது. நான்கு வரியில் எந்த வாக்கியம் பிழை என்று ஒன்றைக்கூடச் சுட்டவில்லை. கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவள் நான். அந்த ஒரு வரி என்னை எப்படிக் குத்தியது என்பதைப் பதினைந்து ஆண்டு நெருங்கியும் மறக்கவில்லை.

இரண்டாவது மதிப்பாய்வாளர் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் ஏழாவது குறிப்பு இது: ஒரே பருவத்தில் ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு ‘ஆண்டு முழுவதும்’ என்று எப்படிச் சொல்கிறீர்கள், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பார்த்தீர்களா? அப்போது எனக்கு இதன் மீதும் கோபம்தான் வந்தது. ஊர் ஊராகப் பேருந்தில் போய், கேன் தூக்கி, ஒவ்வொரு கிணற்றிலும் வாளி விட்டு எடுத்தது அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்றே ஒரு காரமான பதிலை எழுதி நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். “கோபம் ஆறட்டும்மா. பத்து நாள் கழிச்சு அந்த ரெண்டாவது அறிக்கையை மட்டும் திரும்பப் படி” என்றார்.

பத்து நாள் கழித்துப் படித்தபோது ஏழாவது குறிப்புக்கு என்னிடம் பதில் இல்லை என்பது தெரிந்தது. திருத்தத்துக்குத் தொண்ணூறு நாள் கொடுத்திருந்தார்கள். 2012 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அதே நாற்பத்திரண்டு கிணறுகளுக்கும் பாலித்தீன் குப்பிகளோடு மறுபடி போனேன். பாலக்கோடு அருகே ஒரு கிணற்றுக்காரப் பெரியவர், “போன வெயில்லயும் வந்து எடுத்துக்கிட்டுப் போனீங்களேம்மா, தண்ணி நல்லதா கெட்டதான்னு இன்னும் சொல்லலியே” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆய்வகத்தில் ஃபுளோரைடை அளக்கும் மின்வாயை வைத்து அளந்தபோது, வரம்பைத் தாண்டிய கிணறுகள் முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைந்திருந்தன. நான்கு கிணறுகளில் மட்டும் மழைக்குப் பிறகு அளவு ஏறியிருந்தது. அந்தப் பெரியவருடைய கிணறு அந்த நான்கில் ஒன்று. அந்த மதிப்பாய்வாளர் கேட்டிராவிட்டால் நான் ஒரு பொய்யை அச்சில் ஏற்றியிருப்பேன், அந்த நான்கு கிணறுகளைப் பற்றி எதுவும் தெரியாமலே இருந்திருப்பேன். கட்டுரை 2012 ஜூனில் ஏற்கப்பட்டது. அனுப்பியதிலிருந்து சரியாக ஓராண்டு. அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதைச் சொன்னால், மதிப்பாய்வு என்பதே நாடகம், வேண்டியவர்களுக்கு ஒரு நீதி மற்றவர்களுக்கு ஒரு நீதி என்று எழுதச் சிலர் வருவார்கள். குறைகளை நான் மறைக்கவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ இதழின் மதிப்பாய்வாளர்களை வைத்து 1998-இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே எட்டுக் குறைகளைப் புகுத்திய கட்டுரையைக் கொடுத்தபோது, ஒருவர் சராசரியாகக் கண்டது இரண்டுதான். 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைப் பற்றிய கட்டுரை, 671 மருத்துவமனைகளின் தரவு என்று சொல்லி மதிப்பாய்வையும் தாண்டி அச்சாகி, இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. அடிப்படைத் தரவை யாருக்கும் காட்ட முடியவில்லை. மதிப்பாய்வாளர் தன் முன் வைக்கப்பட்ட தாளைத்தான் படிக்கிறார். ஆய்வகத்துக்குள் வந்து குப்பியைத் திறந்து பார்ப்பதில்லை. இந்த எல்லையை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

கோபப்படுவதற்கும் பெரிய பரம்பரை உண்டு. 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று முடிவுகட்டிய ஒரு கட்டுரையை ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்தார். பத்துப் பக்கக் கருத்துரை வந்தது. அச்சிடத்தான் அனுப்பினேன், வேறு யாரிடமும் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லை என்று எழுதி ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கருத்துரையை எழுதியவர் இயற்பியலாளர் ஹெச். பி. ராபர்ட்சன் என்பது பல ஆண்டுகள் கழித்து இதழின் பழைய பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. அவர் சுட்டிய பிழை உண்மையானது. 1937-இல் வேறோர் இதழில் வந்தபோது கட்டுரையின் முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ஐன்ஸ்டைனுக்கே அந்த நாளில் அது புதிய அனுபவம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘நேச்சர்’ இதழ்கூட வெளியார் மதிப்பாய்வை எல்லாக் கட்டுரைக்கும் முறையான விதியாக்கியது 1973-இல்தான்.

என் முதல் மதிப்பாய்வாளரின் அறிக்கைக்கு வருகிறேன். அந்த நான்கு வரியை அப்படியே எனக்கு அனுப்பிவைத்த ஆசிரியர் மீதுதான் இன்றும் என் வருத்தம். மதிப்பாய்வாளர் சொல்வது தீர்ப்பு அல்ல, யோசனை. வாக்கு எண்ணுவதைப் போல இரண்டுக்கு ஒன்று என்று எண்ணுவதும் கிடையாது. தீர்ப்பு ஆசிரியருடையது. எது நியாயமான குறிப்பு, எது தன் பெயருக்கு மேற்கோள் சேர்க்கும் ஆசை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் அவர் இருக்கிறார். நான் துணையாசிரியரான பிறகு, காரணம் சொல்லாமல் தன் கட்டுரைகளைத் திணிக்கும் வரிகள் வந்தால், இவற்றை நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவுக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். மொழி பற்றிய குறை என்றால் வரி எண் கேட்டு மதிப்பாய்வாளருக்கே திருப்பி அனுப்புகிறேன். இதனால் இரண்டு பேர் இனி எங்கள் இதழுக்குப் படிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை.

ஆள் கிடைக்காததற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ற ஆண்டு நான் பதினேழு கட்டுரைகளைப் படித்து அறிக்கை கொடுத்தேன். ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என்றாலும் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; எல்லாம் இரவு ஒன்பதுக்குப் பிறகு செய்தது. கல்லூரியில் ஆண்டுதோறும் நிரப்பித் தரும் பணி மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கட்டுரை வெளியிட்டால் மதிப்பெண் உண்டு, கருத்தரங்கில் மாலை போட்டுக்கொண்டால்கூட உண்டு, இன்னொருவருடைய தவறு அச்சேறாமல் தடுத்ததற்கு ஒன்றும் இல்லை. கட்டுரையாளரிடம் பெருந்தொகை வாங்கும் இதழ்களும் படிப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தருவதில்லை. பணம் கேட்கவில்லை, அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கேட்டு ஐந்தாண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும் வரையில், பதினான்கு பேரைக் கேட்டு இருவரைப் பிடிக்கும் நிலை மாறாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. இதழின் பக்கத்தில் சராசரியாக எத்தனை நாளில் முதல் முடிவு சொல்கிறார்கள் என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தாலோ, ஒன்றும் போடாமல் மூன்று மாதம் கடந்திருந்தாலோ, கட்டுரை எண், அனுப்பிய தேதி, தற்போதைய நிலவரத்தை அறிய விரும்புகிறேன் என்ற ஒரே வேண்டுகோள், இவ்வளவோடு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். பட்டம் நின்றுபோயிருக்கிறது, வேலை போய்விடும் என்று எழுத வேண்டாம். இரக்கம் வந்தாலும் ஆசிரியரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பொறுமையிழந்து இதே கட்டுரையை வேறோர் இதழுக்கும் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு இதழும் கண்டுபிடித்தால் இரண்டும் திருப்பிவிடும், பெயரும் கெடும்.

பதிலில் ஓர் அறிக்கை வந்துவிட்டது, இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று இருந்தால் இன்னும் நான்கு வாரம் பொறுங்கள். மதிப்பாய்வாளர் இன்னும் அமையவில்லை என்று இருந்தால், உங்கள் நெறியாளரோடும் உங்களோடும் சேர்ந்து எழுதியிராத மூன்று நான்கு பேரின் பெயர்களை அன்றே அனுப்பிவையுங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பணிபுரியும் நிறுவனத்தின் மின்னஞ்சலையே கொடுங்கள், ஜிமெயில் முகவரி வேண்டாம். 2014-இல் ஒரு பதிப்பகம், கட்டுரையாளரே போலி முகவரிகளைத் தந்து தன் கட்டுரைக்குத் தானே மதிப்பாய்வு எழுதிக்கொண்ட மோசடியால் ஒரே இதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட முகவரிகளைக் கண்டால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பெயரையே அடித்துவிடுகிறோம்.