மெல்ட் பூல் சென்சார் வாங்கினால் சி.டி. ஸ்கேனை நிறுத்தலாமா?

கேள்வி: லேசர் பவுடர் பெட் மெஷினில் (உலோகப் பவுடரை லேயர் லேயராகப் பரப்பி லேசரால் உருக்கும் 3டி பிரிண்டர்) டைட்டானியம் பாகங்கள் செய்கிறோம். மெல்ட் பூல் (லேசர் படும் இடத்தில் உருகிய உலோகக் குட்டை) கண்காணிப்பு வசதியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால், பாகத்துக்குள் துளை இருக்கிறதா என்று எக்ஸ்ரேயால் பார்க்கும் சி.டி. ஸ்கேனை விட்டுவிடலாமா? குறை வந்தால் மெஷினே திருத்திக்கொள்ளுமா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு நடக்காது. ஆனால் வாங்குவது வீண் என்று சொல்ல மாட்டேன்.

திருத்தம் ஏன் கடினம்? லேசர் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடுகிறது. உருகிய குட்டையின் அகலமோ 0.1 மி.மீ.யை ஒட்டித்தான். அந்த அகலத்தைத் தாண்ட 0.1 மில்லிநொடி போதும். அதற்குள் அளந்து, முடிவெடுத்து, பவரை மாற்றியாக வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2000களிலேயே இதை முயன்று காட்டினார்கள். ஆனாலும் கடைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலும் சிக்னலைப் பதிவு செய்வதுதான் நடக்கிறது, திருத்தம் அல்ல. பவுடரை நாசிலில் ஊதி உருக்கும் முறையில் குட்டை பெரிது, வேகம் குறைவு. கேமராவைப் பார்த்துப் பவரைக் கூட்டிக் குறைப்பது அங்கே பழகிய விஷயம். டெமோ வீடியோ காட்டினால், அது எந்த வகை மெஷின் என்று கேளுங்கள்.

சரி, சி.டி.க்கு வருவோம். மெல்ட் பூல் சென்சாரில் இருக்கும் போட்டோடயோடுக்கு (ஒளியை அளக்கும் கருவி) தெரிவது ஒளி மட்டுமே, துளை அல்ல. அடியில் பவுடர் மட்டும் இருக்கும் ஓவர்ஹேங் (துருத்தி நிற்கும்) பகுதியில் வெப்பம் இறங்காது, சிக்னல் ஏறும். தெறிக்கும் துளியும் புகையும்கூட அதை ஆட்டும். சென்சார் பெரும்பாலும் லேசரைக் குவிக்கும் லென்ஸ் வழியேதான் பார்க்கிறது; அந்த லென்ஸின் பூச்சு லேசரின் 1,070 நானோமீட்டர் அலைநீளத்துக்கானது. குட்டை உமிழும் ஒளி வேறு அலைநீளங்களில் வருவதால், ஒரே குட்டை தட்டின் நடுவில் ஒருமாதிரி, ஓரத்தில் ஒருமாதிரி தெரியும். அப்புறம், உருகல் பல லேயர் ஆழம் போவதால், ஒரு லேயரில் விழுந்த துளை அடுத்த லேயரை உருக்கும்போது மூடிவிடவும் கூடும். 2023-இல் டைட்டானியத்தில் கீஹோல் துளை (லேசர் குட்டையில் ஆழமாகக் குடைவதால் உள்ளே சிக்கும் குமிழி) உருவாகும் கணத்தை வெப்பக் கேமராவால் பிடித்துக் காட்டிய ஆய்விலும், எது துளை என்று கணினிக்குக் கற்றுத்தர சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே (பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே கிடைக்கும் மிகச் செறிவான எக்ஸ்ரே) தேவைப்பட்டது. உங்களிடம் அந்த வேலையைச் செய்யப்போவது சி.டி.தான். முதல் சில பில்டுகளை (மெஷின் ஒருமுறை ஓடிச் செய்யும் பாகங்களை) முழுதாக ஸ்கேன் செய்து, சிக்னலோடு பொருத்தி, பாகத்துக்குப் பாகம் வரம்பு வையுங்கள். அதன்பின் எங்கே உற்றுப் பார்ப்பது என்று சிக்னல் சொல்லும். உடைந்தால் உயிருக்கே ஆபத்தாகும் பாகங்களுக்கு ஸ்கேனை விடாதீர்கள்.

பணம் குறைவென்றால் முதலில் லேயர் கேமராவை (ஒவ்வொரு லேயரையும் மேலிருந்து படமெடுப்பது) வாங்குங்கள். ரீகோட்டர் (பவுடரைப் பரப்பும் பட்டை) கீறல், பவுடர் பற்றாக்குறை, ஓரம் மேலெழுவது எல்லாம் அதில் தெரியும். அடுத்த லேயருக்குமுன் நிறுத்தவோ மறுபடி பரப்பவோ நேரமும் இருக்கும்.

ஆர்டருக்கு முன் மூலத் தரவை எக்ஸ், ஒய் இடங்களோடு வெளியே எடுக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் கலர் படத்தை வைத்துச் சி.டி.யோடு பொருத்த முடியாது.